கடல் தாண்டி வருமா கம்ப்யூட்டர் கூட்டம்?

கம்ப்யூட்டர் நிபுணர்களின் கூட்டங்களுக்கு நிறுவனங்கள் தாராளமாகச் செலவழிக்கின்றன. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் வேலைக்கு ஆள் கிடைக்கும் ஊர்களோடு நின்றுவிடுகிறது. ஆள் கிடைக்காத ஊருக்கு ஒரு கூட்டம் வந்தால் என்ன நடக்கும் என்பதை அந்தமான் ஒருமுறை பார்த்திருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் பூமி பிளந்தபோது, போர்ட் பிளேர் ஹோட்டல் ஒன்றில் ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த ஒரு சிறு குழு தங்கியிருந்தது. அவர்கள் அரசு அதிகாரிகள் அல்ல. நிவாரணப் பணியாளர்களும் அல்ல. பொழுதுபோக்குக்காக வானொலியில் பேசுகிறவர்கள். ஹாம் ரேடியோ ரசிகர்கள். தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் அந்த மாதத் தொடக்கத்தில்தான் தீவுக்கு வந்திருந்தார்கள்.

வந்த நோக்கம் ஏறக்குறைய விளையாட்டு. உலகின் ஹாம் ரசிகர்களுக்கு ஒரு விசித்திரமான ஆசை உண்டு. வானொலியில் அபூர்வமாகவே குரல் கேட்கும் இடங்களோடு பேசி, அதை அட்டையில் பதிவுசெய்து சேர்த்து வைப்பார்கள், தபால்தலை சேகரிப்பவர்களைப் போல. அவர்களது பட்டியலில் அந்தமான் நிக்கோபார் தனி இடம். ராணுவ முக்கியத்துவம் கருதி அங்கிருந்து ஒலிபரப்ப அரசு எளிதில் அனுமதி தருவதில்லை. எனவே பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்கிருந்து ஒரு குரல் எழும்பியதும், உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதைப் பிடிக்க முண்டியடித்தார்கள்.

பிறகு கடல் வந்தது. தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. படகுத்துறைகள் உடைந்தன. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே சிதைந்தது. எந்தத் தீவில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது தெரியாத அந்த நாட்களில், விளையாட வந்தவர்களின் கருவிகள் வேலை செய்தன. சிற்றலை வானொலிக்குக் கேபிளும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஒரு பேட்டரி, ஒரு கம்பி, இயக்கத் தெரிந்த ஒரு ஆள் போதும். வானில் நூறு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பும் அலை, கடலைத் தாண்டிப் போய்ச் சேரும். குழுவினர் போர்ட் பிளேரில் நிர்வாகத்துக்கு உதவினார்கள், கார் நிக்கோபாருக்கும் போனார்கள். பிழைத்தவர்களின் செய்திகள் அவர்கள் வழியாகப் பெருநிலத்திலிருந்த உறவினர்களை எட்டின.

பதினாறு மாதங்கள் கழித்து, 2006 ஏப்ரலில், அதே அமைப்பு போர்ட் பிளேரில் ஒரு ஹாம் விழாவையே நடத்தியது. வெளிநாட்டு ரசிகர்கள் பலர் பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு வந்திறங்கினார்கள். சுனாமிக்குப் பின் சுற்றுலா படுத்துவிட்டிருந்த தீவுக்கு அது ஒரு வரவு. அதைவிட முக்கியம், ஒரு தொழில்நுட்பக் கூட்டம் கடல் தாண்டி வந்தது.

யார் பணம்?

இதுபோன்ற பயணங்களுக்குச் செலவு செய்வது யார்? பெரும்பகுதி வருகிறவர்களின் சொந்தப் பணம். மீதியை உலகெங்கும் உள்ள ரசிகர் மன்றங்கள் நன்கொடையாகத் தருகின்றன. உலகின் பல பகுதிகளுக்குப் போன இத்தகைய குழுக்களுக்கு ஐகாம், யேசு போன்ற ஜப்பானியக் கருவித் தயாரிப்பாளர்கள் டிரான்ஸீவர்களைக் கடனாகவோ இலவசமாகவோ கொடுத்து உதவியிருக்கிறார்கள். பதிலுக்கு, தொடர்பை உறுதிசெய்யும் அட்டையின் ஓரத்தில் நிறுவனத்தின் சின்னம் அச்சாகும். உப்புக் காற்றிலும் புழுக்கத்திலும் கருவி தாக்குப்பிடிக்கிறதா என்பது நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். இரு தரப்புக்கும் லாபம். யாருக்கும் மனக்குறை இல்லை.

ரேடியோ ரசிகர்களின் உலகில் இது சில்லறை வியாபாரம். கம்ப்யூட்டர் உலகில் இதே ஏற்பாடு மொத்த வியாபாரமாகிவிட்டது. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களும் அதற்கு வடிவம் தருகிற டிசைனர்களும் கூடும் எந்தப் பெரிய மாநாட்டுக்குப் போனாலும் வாசலிலேயே தெரியும். பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று நகைக்கடைபோலத் தரம் பிரித்து ஸ்பான்சர்களின் பெயர்கள். உள்ளே வரிசையாக ஸ்டால்கள். இலவச டி-ஷர்ட், ஸ்டிக்கர், பை. மேஜைக்குப் பின்னால் நிறுவனத்தின் இளைஞர்கள். அவர்களில் ஒருவராவது ஆள் எடுக்கும் பிரிவைச் சேர்ந்தவராக இருப்பார்.

இந்த விலைப்பட்டியலில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. எவ்வளவு கொடுத்தால் பேனரில் எந்த அளவில் பெயர், ஸ்டாலுக்கு எத்தனை அடி இடம், மேடையில் எத்தனை நிமிடம் என்று அமைப்பாளர்களே முன்கூட்டி அச்சிட்டுத் தருவது வழக்கம். அந்தப் பணம் மண்டப வாடகைக்கும் மதிய உணவுக்கும் உரைகளைப் படமெடுக்கவும் வெளியூர்ப் பேச்சாளர்களின் பயணத்துக்கும் போகிறது. அமைப்பாளர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் மாநாட்டுக் கணக்கை எழுதுகிறவர்கள்.

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் பயன்படுத்துவோர் கூடும் பைகான் இந்தியா இதற்கு நல்ல உதாரணம். 2009இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் தொண்டர்கள் தொடங்கிய மாநாடு அது. பத்து ஆண்டுகளில் சென்னை வர்த்தக மையம் வரை வந்தது. 2019இல் அங்கு அது கூடியது. ஸ்பான்சர்கள் இல்லாமல் அந்த வளர்ச்சியை நினைத்துப் பார்க்க முடியாது. நுழைவுக் கட்டணத்தை மட்டும் நம்பியிருந்தால் மாணவர்கள் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

வகுப்பறையில் ஒரு சனிக்கிழமை

ஆனால் பணம் இல்லாமலும் நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1998இல் தொடங்கிய லினக்ஸ் பயனாளர் குழு பல ஆண்டுகளாக மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை, ஐ.ஐ.டி. வளாகத்தில் விண்வெளிப் பொறியியல் துறையின் ஒரு வகுப்பறையில் கூடிவந்தது. கட்டணம் கிடையாது. பேனர் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், தெரிந்ததைச் சொல்லலாம், தெரியாததைக் கேட்கலாம். இத்தகைய கூட்டங்களில் கற்றுக்கொண்டவர்கள்தான் பிறகு கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுத முன்வந்தார்கள். 2012இல் பிறந்த 'கணியம்' மின்னிதழ் அந்தச் சூழலின் விளைச்சல்.

தமிழருக்கு இன்னொரு கூட்டத்தின் பயன் விரல்நுனியிலேயே இருக்கிறது. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒரு தனி ராஜ்யம். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கந்தலும் கிழிசலுமாகத் தெரியும். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகள் பல நாடுகளின் வல்லுநர்களை ஒரே அறையில் உட்கார வைத்தன. சென்னை மாநாட்டின் புரவலர் தமிழக அரசு. தமிழ்99 விசைப்பலகை அதன் பலன். கடிதத்திலும் தொலைபேசியிலும் தீராத சண்டை நேருக்கு நேர் உட்கார்ந்ததும் ஒரு முடிவுக்கு வந்தது. கூடிப் பேசுவதற்குச் செலவழிக்கும் பணம் வீணல்ல என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

சட்டை படுத்திய பாடு

அப்படியானால் சிக்கல் எங்கே? புரவலரின் கணக்கும் கூட்டத்தின் கணக்கும் வேறு வேறாகும் இடத்தில். டிஜிட்டல் ஓஷன் என்ற அமெரிக்க நிறுவனம் 2014 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்ற விழாவை நடத்திவருகிறது. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு உதவுகிறவர்களை ஊக்குவிப்பது நோக்கம். 2020இல் விதி எளிமையாக இருந்தது. நான்கு திருத்தங்களை அனுப்பினால் ஒரு டி-ஷர்ட்.

விளைவு? சட்டைக்காக அர்த்தமில்லாத திருத்தங்கள் வெள்ளமாகப் பாய்ந்தன. ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஒரு புள்ளியை மாற்றுவது, 'அருமையான திட்டம்' என்று எழுதி அனுப்புவது. சம்பளமின்றி அந்தத் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் குப்பையைப் பெருக்கியே களைத்துப்போனார்கள். நிறுவனம் சில நாட்களிலேயே விதியை மாற்றியது. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பியவை மட்டுமே கணக்கில் சேரும் என்றது. நிறுவனத்தின் எண்ணத்தில் குறை இல்லை. ஆனால் எண்ணிக்கையைப் பரிசளித்தால் எண்ணிக்கைதான் கிடைக்கும்.

பெரிய மாநாடு என்பதால் அது நிலைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2001இல் 'லினக்ஸ் பெங்களூர்' என்ற பெயரில் தொடங்கி, பிறகு 'ஃபாஸ்.இன்' என்று பெயர் மாறிய மாநாடு ஒரு காலத்தில் ஆசியாவின் கட்டற்ற மென்பொருள் உலகில் பேசப்பட்ட பெயர். 2012உடன் அது நின்றது. சில ஆயிரம் பேர் கூடும் மண்டபத்துக்கு ஆண்டுதோறும் புதிதாகப் பணம் திரட்ட வேண்டும். வகுப்பறையில் கூடுகிற குழுவுக்கு அந்தக் கவலை இல்லை.

ஸ்பான்சர் பணம் தர்மம் அல்ல என்பதில் சட்டத்துக்கும் சந்தேகம் இல்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தன் பொருளையோ சேவையையோ விளம்பரப்படுத்தும் ஆதாயத்துக்காக ஸ்பான்சர் செய்யும் செலவு அந்தக் கணக்கில் சேராது என்று 2021இல் திருத்தப்பட்ட விதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. ஸ்டாலும் பேனரும் விளம்பரச் செலவு. அதில் தவறில்லை. ஆனால் விளம்பரப் பணம் வாடிக்கையாளரும் வேலைக்கான ஆளும் இருக்கும் பக்கமே பாயும்.

வேறு மாதிரி கொடுப்பவர்களும் உண்டு. பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் நிதி ஒன்றை 2024 அக்டோபரில் அறிவித்தது. ஒரு திட்டத்துக்கு 10 ஆயிரம் முதல் ஒரு லட்சம் டாலர் வரை. நிறுவனத்தின் சொந்தத் தொழிலே அத்தகைய மென்பொருள்களின்மீதுதான் நிற்கிறது. எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது என்ற நோக்கில் இது விளம்பரத்தைவிட ஒரு படி மேல். ஆனாலும் அது மென்பொருளுக்கான பணம். கூட்டமே நடக்காத ஊரில் கூட்டம் நடத்த அல்ல.

ஆறு நாள் கடல், இரண்டு நாள் மாநாடு

அந்தமான் இப்போது 2004இன் அந்தமான் அல்ல. 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் நரேந்திர மோடி, சென்னையிலிருந்து தீவுகளுக்குச் செல்லும் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிளைத் தொடங்கிவைத்தார். நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கட் ஆகிய இடங்களையும் அது இணைக்கிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே வினாடிக்கு 200 கிகாபிட் திறனுள்ள இரண்டு தடங்கள்.

அதற்கு முன்பு தீவுகளின் இன்டர்நெட் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்துக்குப் போய் இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப ஏறக்குறைய அரை வினாடி பிடிக்கும். அந்தக் குறுகலான பாதையில் எல்லோரும் நெருக்கியடித்தார்கள். சாஃப்ட்வேர் எழுதுகிறவருக்கு அது நரகம். பிறர் எழுதிவைத்த பகுதிகளை ஓயாமல் இறக்கிக்கொண்டே வேலை செய்கிற தொழில் அது. கேபிள் அந்தத் தடையை உடைத்தது.

உடையாத தடை ஒன்று இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கடல் வழி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். விமானம் என்றால் இரண்டு மணி நேரம், ஆனால் அந்த டிக்கெட் எல்லாக் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகாது. கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள். பெங்களூரில் இரண்டு நாள் மாநாட்டுக்கு வர நினைக்கும் ஒரு தீவு மாணவி, போக ஒரு மூன்று நாளும் திரும்ப ஒரு மூன்று நாளும் கடலில் கழிக்க வேண்டும். கார் நிக்கோபார்க்காரர் என்றால் அதற்கு முன்பே இன்னொரு கப்பல். நுழைவுக் கட்டணம் இலவசம் என்ற அறிவிப்பு அவர்களுக்கு வெறும் செய்தி.

உரைகளைத்தான் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம், கேபிள் அதற்கு வழிசெய்துவிட்டது. ஆனால் மாநாடுகளுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். மேடையில் கேட்டதைவிடத் தேநீர் வரிசையில் கிடைத்ததுதான் அதிகம். தன் நிரலில் மூன்று வாரமாகத் தீராத பிழையைப் பக்கத்தில் நின்றவர் மூன்று நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொல்வது, 'அடுத்த திங்கள்கிழமை வந்து பாருங்கள்' என்று ஒருவர் அட்டையை நீட்டுவது. இதை எந்தக் கேபிளும் கொண்டுவராது.

தீவின் இளைஞர்களில் தமிழ்ப் பிள்ளைகள் கணிசமானவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம், அதில் ஏறக்குறைய 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். வங்காளி, இந்திக்கு அடுத்த இடம். மூன்று தலைமுறைக்கு முன் பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள், இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் வாரிசுகள். ஸ்ரீ விஜயபுரத்தில் அம்பேத்கர் பெயரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. படிக்க வழி உண்டு. படித்தபின் யாரோடு பேசுவது என்பதுதான் கேள்வி.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆள் எடுக்கும் செலவில் ஒரு பகுதியாகத்தான் மாநாட்டுக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. ஒரே நாளில் ஆயிரம் பேரைச் சந்திக்க முடிகிற பெங்களூரை விட்டு, நூறு பேர்கூடச் சேராத ஊருக்கு ஏன் போக வேண்டும் என்று கணக்கர் கேட்டால் பதில் சொல்வது சிரமம். உல்லாசப் பயணம் என்றால் அந்தமானுக்கு உடனே டிக்கெட் போடுவார்கள். வேலைக்கு என்றால் யோசிப்பார்கள்.

ஆனால் கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். நூறு மாணவர்களைக் கடல் தாண்டிக் கொண்டுவருவது கடினம். பத்து நிபுணர்களைத் தீவுக்கு அனுப்புவது எளிது. பெரிய மண்டபம் தேவையில்லை, கல்லூரி வகுப்பறை போதும். ஸ்பான்சரின் பெயரைப் பலகையில் எழுதிவைப்பதற்கும் யாரும் மறுப்புச் சொல்லப்போவதில்லை. ஐ.ஐ.டி. வகுப்பறையில் நடந்ததும் அவ்வளவுதான். ஒருமுறை வந்து படமெடுத்துக்கொண்டு போவதல்ல, ஆண்டுக்கு ஒரு முறையாவது திரும்பி வருவது. இடையில் மாதந்தோறும் உள்ளூர்க் குழு தானே கூடும். கேபிள் அதற்குத் துணைநிற்கும்.

அவர்கள் என்ன செய்வார்கள்? தீவிலேயே வேலை காத்திருக்கிறது. 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலடியில் அதிர்வு ஏற்பட்டால் சில நிமிடங்களில் அதற்குத் தெரியும். அங்கிருந்து புறப்படும் எச்சரிக்கை தமிழ், வங்காளி, நிக்கோபாரி பேசும் ஒரு கிராமத்தின் கடைசி வீட்டை அதன் மொழியில் எட்ட வேண்டும். கேபிளே அறுந்துபோனால் அடுத்த வழி என்ன என்பதும் யோசிக்கப்பட வேண்டும். அதைப் பெங்களூரில் உட்கார்ந்து எழுதுகிறவரைவிட, 2004இல் தாத்தாவையோ பாட்டியையோ பறிகொடுத்த வீட்டில் வளர்ந்த ஒருவர் நன்றாக எழுதுவார்.

அன்று போர்ட் பிளேர் ஹோட்டலில் இருந்தவர்களைச் சுனாமிக்காக யாரும் அனுப்பிவைக்கவில்லை. அவர்கள் ஒரு கூட்டத்தின் ஆட்கள். கருவியும் பயிற்சியும் உலகெங்கும் நண்பர்களும் இருந்தன. சரியான நேரத்தில் தீவில் இருந்தார்கள் என்பது தற்செயல். அடுத்த முறையும் தற்செயலை நம்பியிருக்க வேண்டியதில்லை. திறமையுள்ளவர்கள் தீவிலேயே இருந்துவிட்டால் போதும். அதற்கு ஆகும் செலவு, ஒரு பெருநகர மாநாட்டில் பேனரின் உச்சியில் பெயர் போட ஆகும் செலவைவிட அதிகமாக இருக்குமா என்பதை நிறுவனங்கள்தான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.